கட்டி வைத்தால் கணக்கு உண்டு

பதிவு கொஞ்சம் நீளம். மேசையில் தவணைப் பரீட்சை விடைத்தாள்கள் குவிந்து கிடக்கின்றன, அவற்றை ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் எழுதுகிறேன். கற்பிட்டி, புத்தளம் பக்கத்து உறவுகள் பொறுமையாக வாசியுங்கள்.

போன கிழமை தரம் ஏழில் ஒரு பிள்ளை இரண்டு நாள் பரீட்சைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்தவனைக் கூப்பிட்டுக் காரணம் கேட்டேன். "ஆடு மௌத்தாப் போயிட்டு சேர்" என்றான். வகுப்பு முழுக்கச் சிரித்தது. மௌத்து என்ற சொல்லை ஆட்டுக்குச் சொன்னதுதான் அவர்களுக்குச் சிரிப்பு. அவன் சிரிக்கவில்லை. மணியடித்த பிறகு தனியாகக் கேட்டபோதுதான் முழுக்கதையும் வந்தது.

வீட்டில் ஒரு தாயாடு, பிறந்து பத்து நாளான இரண்டு குட்டிகள். வாப்பா இல்லை. உம்மா வெங்காயத் தோட்டத்தில் நாட்கூலிக்குப் போகிறவர். ஆட்டை அவிழ்த்து விட்டால் பக்கத்துத் தோட்டத்துக்குள் இறங்கிவிடும், பிறகு வேலிச்சண்டை. அதனால் வேலியில் நிற்கும் பூவரசில் கட்டியே வைப்பார்கள். அன்றைக்குச் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனவர்கள் மழையில் மாட்டி, இரவு அங்கேயே தங்கிவிட்டார்கள். மஃரிபுக்குப் பிடித்த மழை சுபஹுக்குத்தான் விட்டது. கூடவே காற்று. காலையில் வந்து பார்த்தபோது தாயாடு விறைத்துக் கிடந்தது. ஒரு குட்டி அதன் வயிற்றோடு ஒட்டியபடி செத்துக் கிடந்தது. மற்றக் குட்டியில் மட்டும் மூச்சு இருந்தது.

"தாழ்வாரம் கிட்டத்தான் சேர் இருந்திச்சு. கயிறுதான் எட்டல்ல."

பின்னேரம் போய்ப் பார்த்தேன். கயிறு ஆறடி இருக்கும். தாழ்வாரத்துக்கு இன்னும் நாலடி. கயிறு சுற்றியிருந்த இடத்தில் பூவரசம்பட்டை உரிந்து வெள்ளையாகத் தெரிந்தது. அந்த ஆடு இரவு முழுக்க இழுத்திருக்கிறது.

இதில் அந்தத் தாயைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஒரு தாயாடும் இரண்டு குட்டியும் அந்த வீட்டின் பேங்க் புத்தகம். ஆனால் இதைக் கேட்ட பலர் என்னிடம் சொன்ன ஒரு வசனம்தான் என்னை எழுத வைத்தது: "நம்மட ஊர்ல குளிருக்கு ஆடு சாகுமா சேர்? வேற ஏதும் நோயா இருக்கும்."

சாகும். நம் நாட்டிலேயே செத்திருக்கிறது, அதுவும் ஒன்றிரண்டு அல்ல. 2022 டிசம்பர் ஞாபகம் இருக்கிறதா? 'மாண்டஸ்' புயல் வங்காள விரிகுடாவில் நம் கரையைத் தொடாமல் மாமல்லபுரம் பக்கம் போனது. வானம் புகை மூடியது போல் கிடந்தது, காற்று மாசு என்று பாடசாலைகளுக்கும் லீவு விட்டார்கள். அந்த இரண்டு மூன்று நாட்களில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் எருமைகளும் ஆடுகளும் செத்துப் போயின. கிளிநொச்சி, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு என்று வெட்டவெளிப் பட்டிகளில் நின்ற இடத்திலேயே விழுந்தன. முதலில் எல்லோரும் தொற்றுநோய் என்றே பயந்தார்கள். அந்த மாகாணங்களிலிருந்து இறைச்சி கொண்டு வருவதைக்கூட கொஞ்ச நாள் தடுத்தார்கள். பரிசோதித்த பிறகு அதிகாரிகள் சொன்ன காரணம் குளிர். பனி விழவில்லை, ஐஸ் கட்டவில்லை. மழையும் காற்றும், ஒதுங்க இடமில்லாமையும், அரைவயிறும் சேர்ந்தன. அவ்வளவுதான்.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன், அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போகிறேன். ஆட்டின் உடல்வெப்பம் சுமார் 39 பாகை செல்சியஸ், கோழிக்கு 41 அளவில். மயிரும் இறகும் காய்ந்திருக்கும்வரை அவற்றுக்கு நடுவில் அடைபட்ட காற்றுத்தான் போர்வை. நனைந்துவிட்டால் அந்தப் போர்வை போய்விடும். காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். அதன் மேல் வாடை வீசினால் ஈரம் காயக் காய உடம்புச் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். வெளியில் 22 பாகையாக இருந்தாலும் நனைந்த குட்டிக்கு அது போதும். நம் பகுதி வரண்ட வலயம். வருடத்தில் எட்டு மாதம் காய்ந்து கிடந்து, மழை பெரும்பாலும் ஒக்டோபர் நவம்பரில் மொத்தமாக வரும். நம் ஆடு மாடு வெயிலுக்குப் பழகியது. ஈரத்துக்கு அல்ல.

ஆகவே நான் சொல்ல வருவது ஒரு சின்ன விசயம். ஒரு உயிரின் கழுத்தில் கயிறு போட்ட நிமிடத்திலிருந்து அதன் கூரையும் தீனும் நம் பொறுப்பு. கயிறு போடாத உயிருக்கு நாம் செய்ய வேண்டியது வேறு. இரண்டையும் நாம் குழப்பிக்கொள்கிறோம்.

பூனையால் நரகம் போன பெண்ணின் ஹதீஸ் நம் மதரஸாப் பிள்ளைக்கும் தெரியும், புகாரியிலும் முஸ்லிமிலும் வருவது. "அவ பூனைக்குச் சோறு போடல்ல" என்று பாதிக் கதையாகத்தான் நாம் அதைச் சொல்லிக் கொடுக்கிறோம். அந்தப் பெண் மீது இரண்டு குற்றங்கள் சொல்லப்படுகின்றன. அடைத்து வைத்தாள், தீன் கொடுக்கவில்லை. அடுத்தது, தானாகப் போய்ப் பூமியில் கிடப்பதைத் தின்னவும் விடவில்லை. அந்த இரண்டாவது பாதியை யோசித்துப் பாருங்கள். கொடு, இல்லையென்றால் விடு. கொடுக்காமலும் விடாமலும் வைத்திருப்பதற்குத்தான் கேள்வி. என் மாணவனின் ஆட்டுக்கு நடந்தது அதுதான், யாரும் நினைத்துச் செய்யாமலே நடந்தது.

இது எனக்குக் கிதாபிலிருந்து வந்த பாடம் மட்டுமல்ல. 1990 ஒக்டோபர் கடைசியில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது எங்கள் குடும்பம் எருக்கலம்பிட்டியில். எனக்கு ஐந்து வயது. அப்பவும் மாரி தொடங்கியிருந்தது. உம்மம்மாவிடம் ஏழு ஆடுகள். கற்பிட்டிக்கு வரும் வள்ளத்துக்கு எல்லோரும் கரைக்கு ஓட, இவ குசினிக் கத்தியை எடுத்துக்கொண்டு வளவைச் சுற்றி ஒவ்வொரு கயிறாக அறுத்தா. மாமா வேலிக்கு வெளியே நின்று சத்தம் போட்டார். "கட்டிப்போட்டுட்டு வந்தா நாளைக்கு அல்லாஹ்ட்ட என்னத்தச் சொல்லுற?" என்று ஒரே கேள்விதான் கேட்டா. கோழிக்கூட்டுக் கதவையும் திறந்து விட்டுத்தான் வந்தா. பிறகு ஆலங்குடாவில் கிடுகுக் கொட்டிலில் இருந்த காலத்தில் இரவில் மழை பிடித்தால் எழும்பி உட்கார்ந்து, "ஏழையும் அறுத்தேன்தானே?" என்று உம்மாவிடம் கேட்பா. கடைசி வருடங்களில் மறதி வந்த பிறகும் அந்தக் கேள்வி மறக்கவில்லை.

சரி, இனி வேலைக்கு வருவோம்.

ஆட்டுக்குப் பெரிய கொட்டில் தேவையில்லை. தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் தென்னஞ்சலாகையோ கமுகஞ்சலாகையோ அடித்து ஒரு பரண், மேலே கிடுகோ தகரமோ, வாடை வரும் வடகிழக்குப் பக்கம் மட்டும் ஒரு மறைப்பு. நாலு பக்கமும் பொலித்தீனால் இறுக்கி அடைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அது நல்லதல்ல. மூத்திர நெடி உள்ளேயே நின்று நெஞ்சில் சளி பிடிக்கும். காற்று மேலால் போகட்டும், உடம்பில் படாமல் இருந்தால் போதும். உரச்சாக்கைக் கழுவிக் காயவைத்துக் கிழித்துத் தைத்தால் நல்ல மறைப்பு. தறப்பாள் வாங்க வசதி இல்லாதவர்களுக்குச் சொல்கிறேன்.

மழை நாளில் தீனைக் குறைக்காதீர்கள். நம் ஆட்கள் செய்வது எதிர்மாறு. வெளியே போய்க் குழை வெட்ட முடியவில்லை என்று பட்டினி போடுவார்கள். ஆடு மாட்டின் வயிற்றில் வைக்கோலும் குழையும் நொதிக்கும்போதுதான் உள்ளே சூடு பிறக்கிறது. அதுதான் அவற்றின் அடுப்பு. வானம் கறுக்கும்போதே ஒரு கட்டு வைக்கோல், கொஞ்சம் பூவரசங்குழை, கிளிசரியாக் குழை வெட்டித் தாழ்வாரத்தில் போட்டு வையுங்கள். கிளிசரியாவை ஒரு நாள் வாடவிட்டுக் கொடுத்தால் விரும்பித் தின்னும். ஈரப்புல்லை மட்டும் வயிறு முட்டக் கொடுத்தால் வயிற்றாலை போகும்.

நனைந்து விறைத்த குட்டி கிடைத்தால் பாலை வாயில் ஊற்றாதீர்கள். இதை எல்லோரும் பிழையாகவே செய்கிறார்கள். விரலை வாய்க்குள் வைத்துப் பாருங்கள். வாய் குளிர்ந்திருந்தால் அதற்கு விழுங்கவும் செரிக்கவும் சக்தியில்லை, பால் நெஞ்சுக்குள் போய்விடும். முதலில் காய்ந்த சாக்கால் அழுத்தித் துடையுங்கள், சூட்டுத் தண்ணீர் நிரப்பிய சோடாப் போத்தலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். வாய் சூடாகி, தலை தூக்கி, உறிஞ்சத் தொடங்கிய பிறகு பால். பிறந்த குட்டியாக இருந்தால் முதல் சில மணித்தியாலத்துக்குள் சீம்பால் போக வேண்டும். அதற்கு ஈடாகக் கடையில் ஒன்றும் கிடையாது.

மாடு வைத்திருப்பவர்கள் மாரிக்கு முன்பே பிரதேசத்து மிருக வைத்தியர் அலுவலகத்தில் தொண்டை அடைப்பான் ஊசியைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். மழை தொடங்கி மாடு விழுந்த பிறகு ஓடுவதில் பிரயோசனமில்லை.

கோழிக்குஞ்சுக்கு பல்ப் போடுகிறவர்கள் கவனிக்க: இப்போது கடைகளில் இருப்பது எல்லாம் எல்.ஈ.டி. அதில் வெளிச்சம் வரும், குஞ்சுக்குப் போதுமான சூடு வராது. முதல் கிழமைக் குஞ்சுக்கு 32 முதல் 35 பாகை வேண்டும். பழைய இழை பல்ப் தேடி வாங்குங்கள். குஞ்சுகள் பல்பின் கீழ் குவிந்தால் குளிர், ஓரத்துக்கு ஓடினால் சூடு கூட, பரவி நின்றால் சரி. வெப்பமானி தேவையில்லை, குஞ்சே சொல்லும். மண்ணெண்ணெய் விளக்கைக் கூட்டுக்குள் தொங்கவிட வேண்டாம். கிடுகுக் கூரை, மரத்தூள், காற்று, இவற்றுக்கு நடுவில் விளக்கு என்றால் பிறகு என்னவென்று நான் சொல்லத் தேவையில்லை.

பூனை வீட்டுப் பிள்ளை மாதிரி, எங்காவது சுருண்டுகொள்ளும். பிரச்சினை அது சுருளும் இடம். மழை இரவில் பூனைகள் சூடான என்ஜினைத் தேடி லொறிக்குள்ளும் வானுக்குள்ளும் ஏறிப் படுக்கும். சுபஹுக்குப் பிறகு வண்டி எடுக்கிறவர்கள் பொனட்டில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்கள். இன்னொன்று: பூனைக்குத் தடிமல் என்று பனடோல் கொடுக்காதீர்கள். அரை மாத்திரைகூட பூனைக்கு நஞ்சு. அன்பினால் கொடுத்துக் கொன்றவர்களை எனக்குத் தெரியும்.

நாயைப் பற்றி எழுதினால் சிலருக்குப் பிடிக்காது, தெரியும். நஜீஸ் சட்டம் எனக்கும் தெரியும். தாகத்தில் நின்ற நாய்க்குக் கிணற்றில் இறங்கிச் செருப்பில் தண்ணீர் அள்ளிக் கொடுத்த மனிதரின் ஹதீஸும் தெரியும். பஸ் ஹோல்டில் மழைக்கு ஒதுங்கும் நாயை நாம் தொடவும் வேண்டாம், கல்லால் எறியவும் வேண்டாம்.

கழுதைக்கு வருகிறேன். வெளியூரில் போய் புத்தளத்தான் என்றால் நமக்குக் கழுதைப் பகிடி ஒன்று நிச்சயம். நானும் நிறையக் கேட்டாகிவிட்டது. ஒரு காலத்தில் நம் உப்பையும் விறகையும் சுமந்த முதுகு அது. லொறி வந்த பிறகு அவிழ்த்து விட்டோம், அதுவும் தெருவுக்கு. கழுதையின் மயிர் குதிரையின் மயிர் போலத் தண்ணீரை வழிய விடாது, பஞ்சு போல உறிஞ்சும். அதனால்தான் மழைக்கு அவை கடை விறாந்தையிலும் பாடசாலைத் தாழ்வாரத்திலும் வந்து நிற்கின்றன. திமிர் அல்ல, தோல் நனைந்துவிட்டது. சுடுதண்ணீர் ஊற்றி விரட்டுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். இரவில் தார் ரோட்டில் நிற்பதற்கும் காரணம் உண்டு. பகல் சூடு தாரில் கொஞ்ச நேரம் தங்கும், சுற்றியுள்ள தரையெல்லாம் சேறு. பாலாவி ரோட்டில் இரவில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிற தம்பிமார் அதை நினைத்துக்கொண்டு ஓட்டுங்கள், உங்கள் உயிருக்கும் நல்லது. கழுதை யாருக்கும் சொந்தமில்லை என்பார்கள். கட்டியிருந்ததும் நாம்தான், தின்ன இடமில்லாத தெருவில் அவிழ்த்ததும் நாம்தான். ஊருக்கு வெளியே பொதுக்காணியில் நாலு கம்பும் பத்துத் தகரமும் போட்டால் அவை கடைத்தெருவுக்கு வருவது குறையும். பிரதேச சபையும் பள்ளி நிர்வாகமும் நினைத்தால் ஒரு வாரத்து வேலை.

இனிக் கயிறு இல்லாதவை.

நமக்கு இது மாரி. ஆனால் நமக்குக் குளிராகத் தெரிகிற இந்தக் காலத்தில்தான் வடக்கேயிருந்து பறவைகள் குளிருக்குத் தப்பி நம்மிடம் வருகின்றன. உள்ளான், ஆலா, தாரா, கடற்காகம் எல்லாம் மத்திய ஆசிய வான்பாதையின் கடைசி முனையான இந்தத் தீவுக்கு வந்து இறங்குகின்றன. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் கடற்காகங்களுக்கு ஜி.பி.எஸ். கருவி பூட்டி விட்டார்கள். அவை போய் நின்ற இடம் ரஷ்யாவின் வடமுனைக் கரையில் உள்ள யமால் தீபகற்பம். அங்கே பனி உறையும் காலத்தில் நம் கரையில் மீன் வள்ளத்துக்குப் பின்னால் பறக்கிற அதே பறவைகள். புத்தளம் களப்பு சுமார் 327 சதுர கிலோமீற்றர். அதன் ஓரச் சேற்றுத்தரையும் உப்பளங்களும் இவற்றுக்குச் சாப்பாட்டு மேசை. சிலாபத்துக்கும் நமக்கும் நடுவிலுள்ள ஆனைவிழுந்தான் குளங்கள் 2001இலும், மன்னாரில் வங்காலை 2010இலும் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது சும்மா இல்லை.

இவற்றுக்கு என்ன தீன் போடலாம் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். கேள்வி நல்லது. பதில்: ஒன்றும் போட வேண்டாம். பாணும் பிஸ்கட்டும் அவற்றின் உணவல்ல. சேற்றுக்குள் இருக்கும் புழுவும் நண்டுக்குஞ்சும் இறாலும்தான் அவை இத்தனை ஆயிரம் மைல் தேடி வந்த தீன். ஹதீஸின் இரண்டாவது பாதி இங்கேதான் வருகிறது. அவற்றைப் பூமியில் உள்ளதைத் தின்ன விடுங்கள். நாம் விடுகிறோமா? ஆனைவிழுந்தானில் 2020இல் இயந்திரம் கொண்டு வந்து கண்டல் மரங்களை அழித்தது நாடே பார்த்த செய்தி. அதைச் செய்தவர்களை ஏசுவது சுலபம். நம் வீட்டுக் குப்பை எந்தக் களப்போரத்தில் போய் விழுகிறது என்று கேட்டால் கொமண்டில் யாரும் வரமாட்டார்கள். அறுந்த நைலோன் வலைத்துண்டைக் கரையில் வீசுவதும் அப்படித்தான். காலில் சுற்றிய உள்ளானால் யமாலுக்கு அல்ல, அடுத்த திட்டிக்கும் போக முடியாது.

செல்பிக்காக ட்ரோன் பறக்கவிட்டுப் பூநாரைக் கூட்டத்தை எழுப்புகிற தம்பிமாருக்கும் ஒரு வார்த்தை. மார்ச், ஏப்ரலில் திரும்பிப் போவதற்கு இந்தப் பறவைகள் உடம்பில் கொழுப்புச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு முறை நீங்கள் எழுப்பும்போதும் அந்தக் கையிருப்பில் கொஞ்சம் செலவாகிறது. வெடியும் கண்ணியும் வைத்து உள்ளான் பிடிப்பதைப் பற்றி இங்கே பெயர் சொல்லி எழுதப் போவதில்லை. 1937ஆம் ஆண்டின் விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இன்னும் அமுலில் உள்ளது என்று மட்டும் ஞாபகப்படுத்துகிறேன்.

காற்று மழைக்குப் பிறகு கரையில் ஒரு கடற்பறவை சோர்ந்து கிடந்தால், பிள்ளைகள் அதைக் குழாய்த் தண்ணீரில் குளிப்பாட்டிச் சோறு ஊட்டுவார்கள். வேண்டாம். ஓட்டை போட்ட காட்போட் பெட்டியில் காய்ந்த துணி விரித்து, இருட்டான அமைதியான இடத்தில் வைத்தால் பல பறவைகள் தாமாகவே தேறிவிடும். தேறாவிட்டால் வனஜீவராசிகள் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

சிட்டுக்குருவியை மட்டும் நான் வேறாகப் பார்ப்பேன். அது நம் கூரைக்குள் குடியிருக்கிற அயலவன். ஓட்டு வீட்டை இடித்து கொங்கிரீட் தட்டுப் போட்டபோது அதன் வீட்டையும் சேர்த்து இடித்தோம். தாழ்வாரத்தில் ஒரு முட்டி கட்டித் தொங்கவிட்டு, அடைமழை நாளில் ஒரு பிடி குருணல் அரிசி தூவினால் அது தீனி அல்ல, வாடகை.

"மனிசனுக்கே சோறில்லை, இவர் குருவிக்கு எழுதுறார்" என்று எழுத விரல் வைத்திருக்கும் சகோதரருக்கு: நான் முதலில் எழுதிய ஆடு யாருடைய சோறு என்று மேலே போய் இன்னொரு முறை வாசியுங்கள்.

தப்பிய குட்டி இப்போது அந்த வீட்டுக் குசினியில் பிஸ்கட் பெட்டிக்குள் இருக்கிறது. நேற்றிலிருந்து போத்தலில் உறிஞ்சுகிறது, அல்ஹம்துலில்லாஹ். சனிக்கிழமை காலை நானும் நாலைந்து மாணவர்களும் அங்கே போய் ஒரு பரண் அடிக்கப் போகிறோம். அதே தெருவில் இன்னும் இரண்டு வீட்டில் ஆடுகள் வெளியில்தான் நிற்கின்றன. பழைய தறப்பாள், கழுவிய உரச்சாக்கு, தென்னஞ்சலாகை, ஒரு கட்டு வைக்கோல் கொடுக்கக் கூடியவர்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கள். காசு வேண்டாம். சுத்தியல் இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள், என்னிடம் இருப்பதன் பிடி கழன்று போயிருக்கிறது.